2 வருடம், 11 மாதம், 18 நாள்: அவ்வளவு நாள் என்னதான் செய்தார்கள்?

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் யாரிடமாவது இந்திய அரசியலமைப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள்: எழுத ஆனது 2 வருடம், 11 மாதம், 18 நாள். எழுதி முடித்தபோது 22 பாகம், 395 சரத்து, 8 அட்டவணை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவன் இருக்கிறான், அத்தை பையன். அறைச் சுவர் முழுக்கத் தேதியும் எண்ணும் எழுதிய சீட்டுகள். ஒருநாள் சும்மா கேட்டேன், "சரிடா, அவ்வளவு நாள் உட்கார்ந்து என்னதான் செய்தார்கள்?" என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதினாங்க" என்றான். தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு தகராறு, எவ்வளவு கடன் வாங்கல், எவ்வளவு அலுப்பான வேலை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு சின்னக் கற்பனை. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு தாண்டிச் சுதந்திரம் வந்துவிட்டது. கொண்டாட்டமெல்லாம் முடிந்து, மறுநாள் 16ஆம் தேதி காலையில் மதுரையில் ஒரு சைக்கிள் திருடன் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது? வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் போட்ட சட்டமும் அவனோடு போய்விட்டது என்றால் திருடனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். போலீஸ்காரருக்கு யார் பெயரில் சம்பளம், போன வாரம் பதிவு செய்த கிரயப் பத்திரம் செல்லுமா, வரி கட்ட வேண்டுமா, ரயில் யாருடையது? விடுதலை பெறும் எந்த நாட்டுக்கும் வரும் முதல் சிக்கல் இதுதான். புதிதாக எதை எழுதப் போகிறோம் என்பதெல்லாம் அப்புறம். எழுதி முடிக்கும்வரை எதை வைத்து ஓட்டுவது?

இந்தியா கண்ட விடை, கொஞ்சம் கசப்பாக இருந்தாலும், பழையதை வைத்தே ஓட்டுவது. லண்டன் பாராளுமன்றம் நிறைவேற்றிய 1947ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டமே அதற்கு வழி சொன்னது: உங்களுக்கென்று நீங்கள் ஒன்று எழுதிக்கொள்ளும்வரை 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தைத் தேவையான இடங்களில் அடித்துத் திருத்திப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆக, சுதந்திர இந்தியாவை முதல் இரண்டரை வருடம் நடத்தியது வெள்ளைக்காரன் எழுதி நாம் அடித்துத் திருத்திய காகிதம்தான். நம் சைக்கிள் திருடனுக்கு 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் அப்படியே காத்திருந்தது. (அது 2024 ஜூன் 30 வரைக்கும் இருந்தது, அது வேறு கதை.) பெயரளவில் நாட்டின் தலைவர் இன்னும் ஆறாம் ஜார்ஜ் மன்னர். அவர் சார்பில் டெல்லியில் கவர்னர் ஜெனரலாக மவுண்ட்பேட்டன், 1948 ஜூனிலிருந்து ராஜாஜி. ராஜாவின் பிரதிநிதி ராஜாஜி என்று அந்தக் காலத்தில் யாராவது நிச்சயம் சிலேடை பேசியிருப்பார்கள்.

தற்காலிக ஏற்பாடு சரி. நிரந்தரமானதை யார் எழுதுவது? இங்கேதான் எனக்கு எப்போதும் ஆர்வம் அதிகம். ஏனென்றால் அரசியலமைப்பு என்பது மற்ற எல்லாச் சட்டங்களுக்கும் அதிகாரம் கொடுக்கும் சட்டம். அப்படியானால் அதை எழுதுகிறவருக்கு அதிகாரம் கொடுத்தது யார்? எந்த நாட்டிலும் இந்தக் கேள்விக்கு முழுசாகத் திருப்தியான பதில் கிடைக்காது, இந்தியாவிலும்தான்.

அரசியல் நிர்ணய சபை என்ற ஒன்றுக்கு வழிவகுத்தது 1946இல் வந்த பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு. கிட்டத்தட்ட பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டு, மொத்தம் 389 இடங்கள். அதில் 93 சமஸ்தானங்களுக்கு. மெட்ராஸ் மாகாணத்துக்கு 49. ஆனால் மக்கள் நேரடியாக ஓட்டுப் போடவில்லை. மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டசபைகளுக்கே சொத்து, வரி, படிப்பு இருந்தவர்கள்தான் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கூலிக்காரருக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் ஓட்டே கிடையாது. "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கும் ஆவணத்தை எழுத உட்கார்ந்தவர்களை அந்த மக்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கவில்லை. இதை அன்றே சொல்லிக் காட்டினார்கள், சபைக்கு உள்ளேயும் வெளியேயும்.

இருந்தாலும் உள்ளே வந்தவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் கிடையாது. அம்பேத்கர் வந்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்பாயிலிருந்து வர முடியாமல், வங்காளத் தலித் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டலின் ஆதரவோடு வங்காளத்திலிருந்து வந்தார். பிரிவினையில் அந்த இடம் போயிற்று. பிறகு ஜெயகர் ராஜினாமா செய்த பம்பாய் இடத்தில், 1947 ஜூலையில், காங்கிரஸ் ஆதரவோடு திரும்ப வந்தார். அந்த ஒரு இடைத்தேர்தல் வேறு மாதிரிப் போயிருந்தால் அரசியலமைப்பை எழுத்தில் வடித்த வரைவுக் குழுவுக்கு அவருக்குப் பதில் தலைவர் யாராக இருந்திருப்பார் என்று யோசிக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. மெட்ராஸிலிருந்து போன தாட்சாயணி வேலாயுதன் சபையில் இருந்த ஒரே தலித் பெண். பீகாரிலிருந்து வந்த ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங், நான் ஒரு காட்டுவாசி என்று சொல்லிக்கொண்டே எழுந்து, ஆதிவாசிகளுக்கு ஜனநாயகம் சொல்லிக்கொடுக்க உங்களால் முடியாது, நீங்கள்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

1946 டிசம்பர் 9 அன்று முதல் கூட்டம். முஸ்லிம் லீக் வரவில்லை. சமஸ்தானங்கள் இன்னும் சேரவில்லை. பாதி நாற்காலி காலியாக இருக்கும்போது ஒரு நாட்டின் அடித்தளத்தைப் பற்றிப் பேசலாமா? 13ஆம் தேதி நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தபோது முதலில் எழுந்த சண்டையே இதுதான். இந்தியா சுதந்திரமான இறையாண்மைக் குடியரசாக இருக்கும், எல்லோருக்கும் நீதியும் சமத்துவமும் இருக்கும் என்பதுதான் தீர்மானத்தின் சாரம். வராதவர்களுக்காகக் கொஞ்சம் பொறுக்கலாம் என்று ஜெயகர் சொல்ல, அம்பேத்கரும் அதை ஆதரித்துப் பேசினார். கடைசியில் பொறுத்தார்கள், 1947 ஜனவரி 22இல்தான் நிறைவேற்றினார்கள். லீக் அப்போதும் வரவில்லை. நாடு பிரிந்தபின் சபையே 299 பேராகச் சுருங்கியது. பாகிஸ்தான் தனக்கென்று வேறு சபை வைத்துக்கொண்டது, அங்கே அரசியலமைப்பு எழுதி முடித்து நடைமுறைக்கு வர 1956 ஆனது.

பெரிய லட்சியங்களை முதலில் பேசிவிட்டார்கள், சரி. ஆனால் சட்டம் எழுதுவது அலுவலக வேலை, அதற்கு ஆள் வேண்டும். பி.என். ராவ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சபையின் அரசியலமைப்பு ஆலோசகர். உறுப்பினர் கிடையாது, ஓட்டும் கிடையாது. உலகத்தில் இருக்கும் அரசியலமைப்புகளையெல்லாம் தேடித் தொகுத்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தார். கேள்விப் பட்டியல் அனுப்பினார். நேரு, படேல் தலைமையிலான குழுக்கள் மத்திய அரசின் அதிகாரம், மாகாணங்கள், அடிப்படை உரிமைகள் என்று தனித்தனியாக அறிக்கை கொடுக்க, அவற்றையெல்லாம் சேர்த்து 1947 அக்டோபரில் 243 சரத்துகள் கொண்ட முதல் வரைவை அவர்தான் தயாரித்தார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று சுற்றினார், அங்கே இதெல்லாம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டு வர.

அந்தப் பயணத்தில் நடந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சொற்றொடர் எப்படி ஒரு நாட்டின் தலையெழுத்தை மாற்றும் என்பது இதில் தெரியும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ அரசு எப்போது பறிக்கலாம்? அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய வாசகம் உண்டு. தமிழில் 'முறையான சட்ட நெறி' என்று சொல்லலாம். அதன்படி, சட்டம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அந்தச் சட்டம் நியாயமானதா என்றும் நீதிபதி கேட்கலாம். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் ராவிடம், அதை வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிற மாதிரிச் சொன்னார். அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு அமெரிக்க நீதிபதிகள் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் போன்ற தொழிலாளர் சட்டங்களையே தூக்கி எறிந்திருந்தார்கள். ஜமீன் ஒழிப்பைக் கையில் எடுக்கப்போகும் ஒரு நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி! வரைவுக் குழு அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, அப்போதுதான் வந்திருந்த ஜப்பானிய அரசியலமைப்பைப் பார்த்து, 'சட்டம் வகுத்த நடைமுறைப்படி' என்று போட்டது. நடைமுறை என்று ஒன்று எழுதியிருந்தால் போதும் என்று அர்த்தம்.

சபையில் இது வந்தபோது பலருக்குப் பொறுக்கவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் விசாரணையே இல்லாமல் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவர்கள். இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது என்று சொன்ன அம்பேத்கர், எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் சபையின் முடிவுக்கே விட்டுவிட்டார். குழுவின் வாசகமே ஜெயித்தது. ஆனால் மனசு ஆறவில்லை போலிருக்கிறது, 1949 செப்டம்பரில் ஒரு புதுச் சரத்தை அவரே கொண்டுவந்தார்: கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சினிமாவில் வக்கீல் வந்து கத்துவாரே, அந்த 24 மணி நேரம் அடிப்படை உரிமையாக ஏறியது இப்படித்தான். 1950இலேயே மெட்ராஸ் அரசு தடுப்புக் காவலில் வைத்திருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். நடைமுறை என்றால் நடைமுறைதான், நியாயமா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதை மாற்றி, நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்ல 1978 ஆனது, மேனகா காந்தி வழக்கில்.

வரைவுக் குழுவுக்கு வருவோம். 1947 ஆகஸ்ட் 29இல் போட்ட குழு, ஏழு பேர். அதில் நம் பக்கத்து ஆட்கள் இருவர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் என். கோபாலசாமி ஐயங்காரும். ஏழு பேரும் தினமும் உட்கார்ந்து எழுதினார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரில் சபையிலேயே இதைப் போட்டு உடைத்தார்: ஒருவர் ராஜினாமா செய்து வேறொருவர் வந்தார், ஒருவர் இறந்துபோனார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவருக்கு அரசாங்க வேலை, ஒன்றிரண்டு பேர் டெல்லிக்கு வெகு தூரத்தில் உடம்பு சரியில்லாமல். கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார். அம்பேத்கரோ முடிவுரையில் பி.என். ராவையும், தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜியையும், அலுவலக ஊழியர்களையும் பெயர் சொல்லியும் சொல்லாமலும் பாராட்டினார். எனக்கு இந்த இரண்டு பேச்சும் பிடிக்கும். ஒரே கையெழுத்தில் வந்த வேதம் மாதிரி இதைப் பேசுகிறவர்கள் இவற்றை ஒருமுறை படிக்கலாம்.

1948 பிப்ரவரியில் வரைவு வெளியானது. எட்டு மாதத்துக்கு மேல் நாடு அதைப் படித்துக் கருத்துச் சொல்ல விட்டார்கள். நவம்பர் 4இல் சபைக்கு வந்தபோது 315 சரத்துகள். அதன் மேல் வந்து குவிந்த திருத்தங்கள் 7,635. சபையில் உண்மையிலேயே கொண்டுவந்து பேசியவை 2,473. எச்.வி. காமத் என்று ஓர் உறுப்பினர், காற்புள்ளி முதல் கடவுள் வரைக்கும் எதையும் விடமாட்டார். காமத் மாதிரிக் கலகக்காரர்கள் இல்லாவிட்டால் இது ஆமாம் சாமிகள் கூட்டமாகப் போயிருக்கும் என்கிற அர்த்தத்தில் அம்பேத்கரே பிறகு நன்றி சொன்னார்.

கடவுள் என்றது சும்மா இல்லை. முகவுரையைக் கடைசியில்தான் எடுத்தார்கள், 1949 அக்டோபர் 17இல். உள்ளே என்ன இருக்கிறது என்று முடிவான பிறகுதானே வாசலில் பலகை மாட்ட முடியும். காமத் எழுந்து, 'கடவுளின் பெயரால்' என்று ஆரம்பிக்க வேண்டும் என்றார். அப்படியானால் தேவியின் பெயரால் என்று போடுங்கள் என்றார் அசாம் உறுப்பினர் ஒருவர். நம்பிக்கையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார் பட்டம் தாணு பிள்ளை. கடவுளை ஓட்டுக்கு விடும் சங்கடத்தில் எங்களை மாட்டிவிடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கெஞ்சினார். காமத் விடவில்லை. ஓட்டெடுத்தார்கள். கடவுளுக்கு ஆதரவாக 41, எதிராக 68. அந்த 68 பேரில் காலையில் பூஜை செய்துவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

கடன் வாங்கியது பற்றி ஒரு வார்த்தை. அடிப்படை உரிமைகளுக்கு அமெரிக்கா, வழிகாட்டு நெறிகளுக்கு அயர்லாந்து, பாராளுமன்ற முறைக்குப் பிரிட்டன் என்று பையன்கள் மனப்பாடம் செய்வார்கள். ஆனால் அதிகம் வாங்கியது அந்த 1935 சட்டத்திடமிருந்துதான். வீணையும் சிதாரும் கேட்க ஆசைப்பட்டோம், இங்கே இங்கிலீஷ் பேண்டு வாசிக்கிறது என்று மைசூர் உறுப்பினர் ஹனுமந்தையா வருத்தப்பட்டார். கிராமத்தை அடிப்படையாக வைத்து எழுதியிருக்க வேண்டும் என்று காந்தியவாதிகளுக்கு ஆதங்கம். கிராமம் என்பது அறியாமையின் குகை என்கிற மாதிரி அம்பேத்கர் பேசியது வேறு அவர்களைக் கொதிக்க வைத்தது. கடைசியில் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் கிராமப் பஞ்சாயத்து ஒரே ஒரு சரத்தாக உள்ளே வந்தது.

மொழிச் சண்டையை நமக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டாம் நாள் கூட்டத்திலேயே துலேகர் என்பவர் எழுந்து, இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தியாவில் இருக்கவே உரிமை இல்லை என்றார். உங்களுக்கு முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்று டி.டி.கே. கேட்டது அதற்கெல்லாம் பதில்தான். கடைசியில் எண்களை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதில்கூட முட்டிக்கொண்டு, 1949 செப்டம்பர் 14இல் ஒரு சமரசம்: இந்தி ஆட்சிமொழி, ஆங்கிலம் பதினைந்து வருடம், எண்கள் சர்வதேச வடிவில். பதினைந்து வருடம் முடிந்த 1965இல் இங்கே என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சில சமரசங்கள் சண்டையைத் தீர்க்காது, தவணை வாங்கிக் கொடுக்கும்.

பக்கத்தில் இலங்கையைப் பார்த்தால் இன்னொரு வழி தெரியும். அங்கே 1948இல் சுதந்திரம் வந்தபோது அரசியலமைப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது, சோல்பரி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி பிரிட்டன் கொடுத்தது. அதில் சிறுபான்மையினரைப் பாகுபடுத்தும் சட்டம் செல்லாது என்று 29ஆம் பிரிவு இருந்தது. பின்னால், அடுத்தவன் கொடுத்தது எங்களுக்கு வேண்டாம், வேரிலிருந்து நாங்களே எழுதுகிறோம் என்று கிளம்பினார்கள். பழைய பாராளுமன்றத்தின் அதிகாரத்தில் எழுதியதாக இருக்கக் கூடாது என்பதற்காகவே 1970இல் வேறு கட்டிடத்தில், நவரங்கஹலவில், சபையைக் கூட்டினார்கள். தமிழரசுக் கட்சியினர் முதலில் போய் உட்கார்ந்தார்கள். மொழி விஷயத்தில் எதுவும் நடக்கவில்லை என்று 1971இல் வெளியேறினார்கள். 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் அந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பு இல்லை. எழுதும் மேசையில் யார் இருந்தார்கள், யார் எழுந்து போனார்கள் என்பதும் ஆவணத்தின் ஒரு பகுதிதான், பக்கங்களில் தெரியாவிட்டாலும்.

பிரிட்டிஷ் அதிகாரத்திலிருந்து கயிற்றை அறுப்பதில் இந்தியாவும் ஒரு காரியம் செய்தது, அமைதியாக. 1949 நவம்பர் 26இல் அரசியலமைப்பை நிறைவேற்றியபின் கவர்னர் ஜெனரலின் ஒப்புதலுக்கு அதை அனுப்பவில்லை. சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையெழுத்துப் போட்டார், முடிந்தது. கடைசிச் சரத்தான 395, 1935 சட்டத்தையும், 1947 சுதந்திரச் சட்டத்தையுமே ரத்து செய்கிறது. நமக்குச் சுதந்திரம் கொடுத்த பிரிட்டிஷ் சட்டத்தை நாமே ரத்து செய்தோம். ஏறி வந்த ஏணியை மேலே நின்று உதைத்துவிட்ட மாதிரி. ஆனால் 372ஆம் சரத்து, இருக்கிற மற்ற சட்டங்களெல்லாம் மாற்றும்வரை தொடரும் என்கிறது. அதனால் சைக்கிள் திருடன் தப்பிக்க வழியில்லை.

மெட்ராஸிலிருந்து போன அம்மு சுவாமிநாதனுக்கு ஒரே ஒரு குறை. அரசியலமைப்பு என்றால் கைப்பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளும் சின்னப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன், இது இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்றார். 1950 ஜனவரி 24இல் உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்ட பிரதிகளில் ஒன்று பிரேம் பிஹாரி நாராயண் ராய்சாடா கையால் எழுதி, நந்தலால் போஸும் சாந்திநிகேதன் ஓவியர்களும் அலங்கரித்தது. அதைப் பைக்குள் வைக்க முடியாதுதான். இரண்டு நாள் கழித்து, 1930இல் பூரண சுயராஜ்ய நாளாகக் கொண்டாடிய அதே ஜனவரி 26இல், குடியரசு.

எழுதி முடித்தாயிற்று என்று மூச்சு விட முடிந்ததா என்றால், இல்லை. மெட்ராஸ் மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்துக் கொடுத்த அரசாணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது நடுவில் தெரியவந்தது, ஆனாலும் வழக்கு நின்றது, அரசாணை போயிற்று. பத்திரிகை ஒன்றை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்த மெட்ராஸ் அரசின் உத்தரவும் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சாதிவாரி அரசாணை போனதில் தமிழ்நாடே கொந்தளித்தது, டெல்லி யோசித்தது. 1951 ஜூன் 18இல் முதல் திருத்தம் வந்தது: பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம், பேச்சுரிமைக்குக் கூடுதல் வரம்புகள். நிறைவேற்றியது தற்காலிகப் பாராளுமன்றம், அதாவது பெரும்பாலும் எழுதிய அதே ஆட்கள், அதே கட்டிடத்தில். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று அவர்கள் எழுதி வைத்திருந்தார்களே, அந்த முதல் பொதுத் தேர்தலில் முதல் ஓட்டு விழ அப்போது இன்னும் நான்கு மாதம் இருந்தது.